திருட்டு என்ற திரை

மின்பகிர்மானம் குறித்த விவாதம் இந்தியாவில் எங்கே தொடங்கினாலும் கொக்கியில் போய் முடிகிறது. பகிர்மான நிறுவனங்கள் கடனில் மூழ்குவது ஏன் என்று கேட்டால், கம்பியில் கொக்கி மாட்டும் குடிசைவாசியே விடையாகக் காட்டப்படுகிறார். திருட்டே இல்லை என்று எவரும் வாதிட முடியாது. 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 135ஆம் பிரிவு அதற்காகவே இருக்கிறது. ஆனால் இழப்பு எனக் கணக்கில் ஏறுவதில் திருட்டு எவ்வளவு, இயற்பியல் எவ்வளவு, அரசின் நிலுவை எவ்வளவு? இவற்றைப் பிரித்துக் காட்டாத ஓர் எண்ணைக் கொண்டே கொள்கை வகுக்கப்படுகிறது.

‘ஒட்டுமொத்தத் தொழில்நுட்ப, வணிக இழப்பு’ என்பதே அந்த எண். அதைக் கணக்கிடும் முறை எளியது. 100 யூனிட் மின்சாரம் உள்ளே செல்கிறது. 85 யூனிட்டுக்குப் பட்டியல் போடப்படுகிறது. அந்தத் தொகையில் 95 விழுக்காடு வசூலாகிறது. இரண்டையும் பெருக்கினால் 80.75. ஆக, இழப்பு 19.25 விழுக்காடு. இதற்குள் கம்பியில் வெப்பமாகிப் போனது உண்டு, பழுதான மீட்டர் பதியாமல் விட்டது உண்டு, திருடப்பட்டதும் உண்டு. உள்ளாட்சியின் தெருவிளக்குக்கும் அரசு அலுவலகத்தின் மின்விசிறிக்கும் கட்டப்படாத பாக்கியும் உண்டு. பொறியியலின் பிழை, திருடனின் குற்றம், கருவூலத்தின் தாமதம் மூன்றும் ஒரே பானையில் கொட்டப்படுகின்றன. செய்தித்தாளில் அந்த எண்ணைப் படிப்பவர் மனத்தில் மிஞ்சுவது திருட்டு மட்டுமே.

யாரும் திருடாமலேயே மின்சாரம் தொலைவதை முதலாண்டு மாணவரும் கணக்கிடலாம். தெருமுனை மின்மாற்றி 11,000 வோல்ட்டை 415 வோல்ட்டாக இறக்குகிறது. அழுத்தம் குறைந்தால், அதே ஆற்றலைக் கொண்டு செல்ல மின்னோட்டம் அதே விகிதத்தில் உயர வேண்டும். இங்கே அது 26 மடங்குக்கு மேல். கம்பியின் வெப்ப இழப்போ மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. எனவே ஒரே தடையுள்ள கம்பியில் இழப்பு ஏறத்தாழ 700 மடங்காகிறது. அப்படியென்றால் மின்மாற்றிக்குப் பின் தாழ்வழுத்தக் கம்பி எவ்வளவு தூரம் ஓடுகிறது என்பதே முதன்மையான கேள்வி. கிராமப்புறங்களில் ஒரு பெரிய மின்மாற்றியை நிறுத்தி, அதிலிருந்து தொலைதூரப் பம்புசெட்டுகள்வரை தாழ்வழுத்தக் கம்பியை இழுத்தது அமைக்கும்போது மலிவாக இருந்தது. அந்த மலிவுக்கு இன்றுவரை வெப்பமாக வட்டி கட்டப்படுகிறது.

மாற்று வழி புதிதல்ல. 11,000 வோல்ட் கம்பியையே வயலருகே கொண்டுவந்து, 16 அல்லது 25 கேவிஏ அளவிலான சிறு மின்மாற்றிகளை வைப்பதே உயரழுத்தப் பகிர்மானம். ஆந்திரப் பிரதேசம் வேளாண் இணைப்புகளில் இதைச் செய்து காட்டியது. இதனால் இழப்பு குறையும். உயரழுத்தக் கம்பியில் கொக்கி மாட்ட எவரும் துணியார் என்பதால் திருட்டும் குறையும். வழக்குப் பதியாமல் வடிவமைப்பே செய்யும் காவல் இது.

மின்மாற்றியின் கதையும் இதுதான். அதன் உள்ளக இழப்பு சுமை இருந்தாலும் இல்லாவிட்டாலும் 24 மணி நேரமும் தொடர்கிறது. சுருள்களின் இழப்பு சுமையின் வர்க்கமாக ஏறுகிறது. சுருளின் வெப்பநிலை வரையறுத்த அளவுக்கு மேல் ஒவ்வொரு 6 டிகிரி செல்சியஸ் ஏறும்போதும் காப்புத்தாளின் ஆயுள் பாதியாகக் குறைகிறது. மிகைச்சுமையில் எரியும் மின்மாற்றியை மாற்ற ஊரார் பணம் திரட்டி வண்டி பிடிப்பது இந்தியக் கிராமங்களுக்குப் புதிதல்ல. அந்தச் செலவு எந்த நிறுவனத்தின் இழப்புக் கணக்கிலும் வருவதில்லை.

கணக்கின் இருண்ட மூலை இன்னொன்றும் உண்டு. பல மாநிலங்களில் பம்புசெட்டுகளுக்கு மீட்டர் இல்லை. அவை எவ்வளவு இழுத்தன என்பது மதிப்பீடு மட்டுமே. மதிப்பீட்டை உயர்த்தினால் இழப்பு குறையும், தாழ்த்தினால் கூடும். விவசாயியின் பெயரால் எழுதப்படும் யூனிட்டுகளில் எத்தனை உண்மையில் கம்பியில் கரைந்தவை என்பதை எவராலும் சொல்ல முடியாது.

ஒன்றிய அரசின் 2021ஆம் ஆண்டு பகிர்மானச் சீரமைப்புத் திட்டம் இழப்பை 12 முதல் 15 விழுக்காட்டுக்குள் கொண்டுவரவும், 25 கோடி முன்கட்டண ஸ்மார்ட் மீட்டர்களைப் பொருத்தவும் இலக்கு வைத்தது. மின்மாற்றிகளுக்கும் ஃபீடர்களுக்கும் மீட்டர் வைப்பதும் அதில் அடக்கம், அது வரவேற்கத்தக்கதே. ஆனால் வீட்டு மீட்டர் வசூலைக் கூட்டுமே தவிர, கம்பியின் தடையில் ஓர் ஓம் கூடக் குறைக்காது. வசூல் கூடியதை இழப்பு குறைந்ததாக அறிவிக்க அந்த ஒற்றை எண் இடம் கொடுக்கிறது. கம்பியின் வெப்பம் அப்படியே இருக்க, பாராட்டு விழா மட்டும் நடந்துவிடும்.

எனவே கோரிக்கை ஒன்றே. ஒவ்வொரு மின்மாற்றிக்கும் தொழில்நுட்ப இழப்பு, அளவையில் வராத நுகர்வு, வசூலாகாத தொகை ஆகிய மூன்றும் தனித்தனியே வெளியிடப்பட வேண்டும். ஸ்மார்ட் கிரிட் குறித்து ஆண்டுதோறும் ஆய்வேடுகளைக் குவிக்கும் மின்பொறியியல் துறைகள், தம் வளாக வாசலில் முனகிக்கொண்டு நிற்கும் மின்மாற்றியிலிருந்தே அந்தக் கணக்கைத் தொடங்கலாம். அளந்து பிரிக்காத இழப்புக்கு ஏழையின் முகத்தை ஒட்டுவது ஆய்வாகாது, அவதூறு.