சூடு என்னும் திரை

"உடம்பு சூடாகிவிட்டது" என்று நம் வீடுகளில் வெகு இயல்பாகச் சொல்லப்படும் வாக்கியத்துக்குள் சில நோய்கள் ஒளிந்துகொண்டிருக்கின்றன. அவற்றுள் ஒன்று சிறுநீர்ப் பாதைத் தொற்று. நீர்க்கடுப்பு, நீர்ச்சுருக்கு, சூடு பிடித்தல் என்று அதற்குப் பல பெயர்கள். எல்லாப் பெயர்களும் பழியை வெயிலின் மேல் போடுகின்றன. எனவே மருத்துவமும் இளநீரோடும் பார்லிக் கஞ்சியோடும் தொப்புளில் தடவும் விளக்கெண்ணெயோடும் முடிந்துவிடுகிறது.

கோடையில் உடலில் நீர் வற்றிச் சிறுநீர் அடர்ந்து எரிவது உண்டு. போதிய நீர் அருந்தினால் அது அடங்கும். தொற்று வேறு. குடலில் சாதுவாக வாழும் ஈ.கோலை என்னும் பாக்டீரியா சிறுநீர்த் தாரைக்குள் ஏறிவிடுவதே பெரும்பாலான தொற்றுகளுக்குக் காரணம். பெண்களுக்கு அத்தாரையின் நீளம் சுமார் 4 செ.மீ.; ஆண்களுக்குச் சுமார் 20 செ.மீ. பெண்களை இந்நோய் அதிகம் தாக்குவதற்கு இந்த உடற்கூறே முதற்காரணம். ஒழுக்கத்துக்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. ஆயினும் நம் பெண்கள் இதை வெளியே சொல்லக் கூசுகிறார்கள். புதிதாக மணமானவர்கள் இன்னும் அதிகமாகக் கூசுகிறார்கள்.

எரிச்சல், அடிக்கடி முட்டிக்கொண்டு வருதல், போனால் சில சொட்டுகளே வருதல், அடிவயிற்று வலி, கலங்கலாகவோ இரத்தம் கலந்தோ போதல் ஆகியவை தொடக்க அறிகுறிகள். குளிர்நடுக்கத்துடன் காய்ச்சல், விலாப்புறத்து முதுகுவலி, வாந்தி ஆகியவை சேர்ந்தால் தொற்று சிறுநீரகத்தை எட்டியிருக்கலாம். அப்போது ஒரு நாளும் தாமதிக்கலாகாது. கர்ப்பிணிகள், ஆண்கள், குழந்தைகள், நீரிழிவு உள்ளவர்கள் ஆகியோர் தொடக்கத்திலேயே மருத்துவரைப் பார்ப்பது நல்லது. கர்ப்பிணிகளுக்கு அறிகுறி இல்லாமலே சிறுநீரில் கிருமி இருப்பினும் சிகிச்சை தேவை.

மௌனத்தின் மறுபக்கம் மருந்துக்கடை. மருத்துவரிடம் சொல்லக் கூசுபவர்கள் கடைக்காரரிடம் இரண்டு மாத்திரை வாங்கி, எரிச்சல் தணிந்ததும் நிறுத்திவிடுகிறார்கள். நோர்ஃப்ளாக்ஸசின், சிப்ரோஃப்ளாக்ஸசின் போன்றவற்றை இப்படி மிட்டாய்போல் விழுங்கியதன் விளைவாக, இந்தியாவில் ஈ.கோலை கிருமிகளில் பெரும்பகுதி அவற்றுக்கு இன்று அடங்குவதில்லை. மருந்துப் பட்டையில் உள்ள சிவப்புக் கோட்டின் பொருளை 2016இல் நடுவண் அரசு விளம்பரப்படுத்தியது. அதைக் கவனித்தவர்கள் எத்தனை பேர்? மருந்து தொடங்குமுன் சிறுநீரைக் கல்ச்சர் பரிசோதனைக்குக் கொடுத்தால், எந்த மருந்துக்குக் கிருமி கட்டுப்படும் என்பது இரண்டு மூன்று நாளில் தெரிந்துவிடும். எளிய தொற்றுக்கு நைட்ரோஃப்யூரன்டாயின் ஐந்து நாளும், ஃபாஸ்ஃபோமைசின் ஒரே வேளையும் போதுமானவை. எதைத் தருவது என்று தீர்மானிக்க வேண்டியவர் மருத்துவர்.

எனினும் பழி முழுவதையும் நோயாளியின் கூச்சத்தின் மேல் சுமத்துவது நேர்மையாகாது. அடிக்கடி தொற்றுக்கு ஆளான, குறைவாக நீர் அருந்தும் பெண்களிடம் நடத்தப்பட்ட ஓர் ஆய்வு 2018இல் வெளியானது. நாள்தோறும் ஒன்றரை லிட்டர் நீர் கூடுதலாக அருந்தியவர்களுக்குத் தொற்று ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. இந்த எளிய மருந்தைத்தான் நம் ஜவுளிக்கடைப் பெண்களும் பள்ளி மாணவிகளும் போக்குவரத்துக் காவலர்களும் தாமே மறுத்துக்கொள்கிறார்கள். குடித்தால் போக வேண்டும், போக இடமில்லை.

கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில் கடைப் பெண்கள் 'பெண்கூட்டு' என்னும் அமைப்பின்கீழ் கழிப்பறை கேட்டுத் தொடங்கிய போராட்டம் உட்காரும் உரிமைக்கானதாக வளர்ந்து, 2018இல் கேரளத்தில் சட்டத் திருத்தமாயிற்று. 2021இல் தமிழகமும் கடை ஊழியர்களுக்கு இருக்கை வழங்கச் சட்டம் செய்தது. வரவேற்கிறோம். ஆனால் அந்தப் பெண்கள் முதலில் கேட்டது நாற்காலியை அல்ல. தண்ணீர் வரும், தாழிடக்கூடிய, மேற்பார்வையாளரின் முகத்தைப் பார்க்காமல் போய்வரக்கூடிய ஒரு கழிப்பறையை நாம் உறுதிசெய்யாதவரை, "நிறையத் தண்ணீர் குடியுங்கள்" என்று அவர்களுக்கு அறிவுரை கூறும் தகுதி நமக்கில்லை.