இரண்டு வாரத்துக்கு மேல் அது பால்கட்டு இல்லை

கைக்குழந்தை உள்ள தாய்க்கு மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டால், லயத்தில் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "பால்கட்டு, தானாகக் கரைந்துவிடும்." பெரும்பாலும் அது சரி. பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டு மலையேறுகிறவருக்கு நேரத்துக்குப் பால் கொடுக்க முடியாமல் பால் கட்டிக்கொள்வது வழக்கம்தான். ஆனால் பால்கட்டு என்றால், பிள்ளைக்குக் கொடுக்கக் கொடுக்கச் சில நாட்களில் இளக வேண்டும். இரண்டு வாரம் கழிந்தும் அதே இடத்தில் இருக்கும் கட்டியை வைத்தியரிடம் காட்டியே ஆக வேண்டும்.

இலங்கைப் பெண்களிடம் மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோய்தான். பால் கொடுக்கும் காலத்தில் அது வருவது குறைவு, வராது என்றில்லை. அந்தக் கட்டி பல நேரம் வலிக்காது. வலி இல்லையே என்று விட்டுவிடுகிறோம். தோல் குழிவது, காம்பு உள்ளிழுத்துக்கொள்வது, இரத்தம் கசிவது, அக்குளில் கட்டி, மருந்து குடித்தும் மாறாத சிவப்பும் வீக்கமும் கண்டால் இரண்டு வாரமும் காத்திருக்க வேண்டாம். டிஸ்பென்சரியில் காட்டக் கூச்சமென்றால் மருத்துவமாதுவிடம் சொல்லுங்கள். ஸ்கேன் எடுக்கவும், ஊசியால் சதை எடுத்துச் சோதிக்கவும் பாலை நிறுத்தத் தேவையில்லை.

அரசாங்க ஆஸ்பத்திரியில் இதெல்லாம் இலவசம். பிறகு ஏன் நம் பெண்கள் போவதில்லை? கிளினிக்குக்கு ஒரு நாள், ஸ்கேனுக்கு ஒரு நாள், முடிவு கேட்க ஒரு நாள் என்றால், மூன்று பேர் போய்விடும். அந்தக் கணக்கைப் பார்த்துத்தான் "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்கிறார்கள்.

1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டப்படி, ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளையுள்ள தாய்க்கு வேலை நேரத்தில் இரண்டு முறை பாலூட்டும் இடைவேளை உண்டு. பிள்ளைக்காம்பரா இருந்தால் அரை மணி, இல்லாவிட்டால் ஒரு மணி. பால் கொடுக்க நேரம் விட வேண்டும் என்பது சட்டமானால், அந்தத் தாய் தன் மார்பைப் பரிசோதிக்கப் போகும் நாளுக்குப் பேர் போடுவதும் நியாயம்தான். "உண்மையாகப் போனாரா?" என்று நிர்வாகம் கேட்டால், கிளினிக் அட்டையில் திகதி இருக்கிறது.

தோட்டத் தலைவர்களும் மாதர் தலைவிகளும் அடுத்த பேச்சுவார்த்தையில் இந்தக் கோரிக்கையை வைக்க வேண்டும். அதுவரை, கணவன்மாரே, மாமியார்மாரே, ஒரு பேர் போனாலும் பரவாயில்லை, அவரை அனுப்பி வையுங்கள்.