தொண்டைச் சதையும் குடல்வாலும்

நியூயார்க் பள்ளிக்கூடங்களில் படித்த 11 வயதுக் குழந்தைகள் 1,000 பேரைப் பற்றி 1934-ம் ஆண்டில் ஓர் அறிக்கை வெளியாயிற்று. டான்சில் என்னும் தொண்டைச் சதை அவர்களில் 611 பேருக்கு ஏற்கெனவே வெட்டி எடுக்கப்பட்டிருந்தது. மீதி 389 பேரை டாக்டர்கள் பரிசோதித்தார்கள். 174 பேருக்கு ஆபரேஷன் வேண்டும் என்றார்கள். "தேவை இல்லை" என்று விடப்பட்ட 215 பேரை வேறு டாக்டர்கள் பார்த்தார்கள். அதில் 99 பேருக்கு ஆபரேஷன் வேண்டுமாம்! தப்பியவர்களை மூன்றாவது தடவையும் பரிசோதித்தார்கள். கடைசியில் கத்திக்குத் தப்பியவர்கள் 65 பேர்தான்.

கெட்டிருந்தது சதையா, பார்த்தவர்களின் கண்ணா?

அந்தக் காலத்தில் ஒரு கொள்கை பரவியிருந்தது. உடம்பின் ஒரு மூலையில் கிருமி தங்கினால், அது இரத்தத்தில் கலந்து வேறு உறுப்புகளைக் கெடுக்கும் என்றார் சிகாகோ டாக்டர் பிராங்க் பில்லிங்ஸ். கிருமிகளைப் பிராணிகளின் இரத்தத்தில் ஏற்றிக் குடல்வால் நோயை உண்டாக்கியதாக 1915-ல் எழுதினார் ரோஸ்னோ என்ற ஆராய்ச்சியாளர். பிறகு வந்தவர்களால் அவருடைய கொள்கையை நிலைநாட்ட முடியவில்லை. அதற்குள் எத்தனையோ குழந்தைகளின் தொண்டையில் கத்தி பட்டுவிட்டது.

இரண்டுக்கும் உறவே இல்லையா? உண்டு. கிருமிகளோடு போராடும் ஒரே வகைச் சதைதான் தொண்டையிலும் இருக்கிறது, குடல்வாலிலும் இருக்கிறது. குடல்வாலை "வயிற்றின் டான்சில்" என்று சொன்ன டாக்டர்களும் உண்டு. ஆனால், உறவு வேறு, காரணம் வேறு. தொண்டைச் சதையை எடுத்துவிட்டால் குடல்வால் நோய் வராது என்பதற்கு ஆதாரம் கிடையாது. ஒரே ஆண்டில் 7 தடவையாவது தொண்டை புண்ணாகிக் காய்ச்சல் வந்தால், அல்லது தூக்கத்தில் மூச்சு அடைத்தால், இப்போது டாக்டர்கள் ஆபரேஷனைப் பற்றி யோசிக்கிறார்கள்.

பெற்றோர்கள் ஏமாந்துபோகும் இடம் வேறொன்று. தொண்டை புண்ணான குழந்தைக்கு வயிறும் வலிப்பது உண்டு. குடலை ஒட்டிய நெறிகள் வீங்குவது அதற்கு ஒரு காரணம். அது பெரும்பாலும் தானே அடங்கிவிடும். குடல்வால் நோயும் ஆரம்பத்தில் அப்படியேதான் தோன்றும்! தொப்புளைச் சுற்றித் தொடங்கிய வலி வலது பக்க அடிவயிற்றுக்கு இறங்கினால், சாப்பாடு பிடிக்காமல் வாந்தி எடுத்தால், நிமிர்ந்து நடக்க முடியாமல் குழந்தை குனிந்துகொண்டால், "தொண்டை ஆறட்டும், பார்க்கலாம்" என்று வீட்டில் வைத்திருக்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். வயிறு சுத்தமாகட்டும் என்று விளக்கெண்ணெய் கொடுக்கும் பழக்கம் சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. குடல்வால் வீங்கியிருக்கும்போது பேதி மருந்து உள்ளே போனால் அது வெடித்துவிடக் கூடும். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு வலிக்கும் இடத்தைச் சரியாகச் சொல்லத் தெரியாது. டாக்டரிடம் போவதற்குள் குடல்வால் வெடித்துவிடுவதும் அந்த வயதில்தான் அதிகம்.