போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு 'ப்ரூ பப்'!

கடையிலேயே பீர் காய்ச்சி, சாப்பாட்டோடு ஆற அமரக் குடிக்கவைக்கும் 'ப்ரூ பப்'தான் இப்போ டிரெண்ட். 2009-ல் புனேயில் 'டூலாலி' வந்தபோது புதுமையாகப் பேசினார்கள். பிறகு பெங்களூரு அதைத் தனதாக்கிக்கொண்டது. போடிக்காரர்களுக்கு இதில் என்ன ஆச்சர்யம்? 17 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி, ஏலக்காய்த் தோட்டங்களைக் கடந்தால் கேரளக் கள்ளுக்கடை. புதுசாக இறக்கிய கள், கப்பக்கிழங்கு, காரமான மீன்கறி. பெயர்தான் வேற!

மலைக்கு இந்தப் பக்கம் 1987 முதல் கள்ளுக்குத் தடை. 2003-லிருந்து சில்லறை மது விற்பனை டாஸ்மாக் கையில். 42.8 சதவிகித ஆல்கஹால் உள்ள பிராந்தி அரசுக் கடையிலேயே கிடைக்கும். ஏறக்குறைய பீர் அளவே போதையுள்ள கள் கிடைக்காது. என்ன கணக்கோ! கலப்பட பயம் நியாயமானதுதான். ஆனால், அதற்குத் தேவை பரிசோதனை. கள்ளை மூடிவிட்டு பிராந்தியைத் திறந்தால், நின்றபடியே மடக்கென ஊற்றிக்கொண்டு கிளம்பும் பழக்கம்தான் வளரும்.

சரி, மேலே உட்கார்ந்து நிதானமாகக் குடித்தவரும் அதே 17 வளைவுகளில்தானே பைக்கில் இறங்கணும்? 100 மி.லி ரத்தத்தில் 30 மி.கி-யைத் தாண்டினாலே குற்றம், முதல்முறைக்கே 10,000 ரூபாய் அபராதம். குடிப்பதென்றால் அங்கேயே ரூம் போட்டுட்டு, காலையில் இறங்குங்க.