வேர்க்காத மனிதர்கள்

தாம்பரத்தில் ஏறி பீச் ஸ்டேஷன் வரை நின்றுகொண்டே ஆபீஸ் போகிற எல்லோரும் வேர்வையைத் திட்டுகிறோம். திட்டாதீர்கள் சார். வேர்க்கவே வேர்க்காத ஆண்கள் சிலர் இருக்கிறார்கள். கேட்கச் சொகுசாகத்தான் இருக்கிறது. மே மாத வெயிலில் அவர்கள் உடம்பு, ரேடியேட்டரில் தண்ணீர் தீர்ந்த பழைய அம்பாசிடர் மாதிரி கொதித்துவிடும்.

சார்லஸ் டார்வின் (அதே குரங்கு டார்வின்தான்) 1875-ல் இவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். சிந்து மாகாணத்தில் ஓர் இந்துக் குடும்பம். நாலு தலைமுறையில் பத்து ஆண்களுக்கு, மேலும் கீழும் சேர்த்து மொத்தமே 12 பல். சீக்கிரமே வழுக்கை. வெயில் ஆகாது. மகள்களுக்கு ஒன்றுமில்லை, ஆனால் மகள் வயிற்றுப் பேரனுக்கு வந்துவிடும்!

வியாதியின் பெயர் எக்டோடெர்மல் டிஸ்பிளேசியா. வாயில் நுழையாவிட்டால் பரவாயில்லை. எக்ஸ் குரோமோசோமில் இருக்கும் குறைபாடுள்ள ஜீனை 1996-ல் பிடித்தார்கள். கருவில் தோல், முடி, பல், வேர்வைச் சுரப்பி எல்லாம் உருவாவதில் ஒரே மேலடுக்குக்குப் பங்கு உண்டு. அங்கே தப்பு நடந்தால் எல்லாமே அடி வாங்குகிறது.

சூட்டுக்கு ஈரத்துண்டு இருக்கிறது. பல்லுக்கு? ''வளரட்டும், பாத்துக்கலாம்'' என்பார்கள் வீட்டில். பல் டாக்டர்கள் நேர் எதிர். மூன்று, நாலு வயசிலேயே பல்செட் மாட்டச் சொல்கிறார்கள். மெல்ல வேண்டும், பேச்சு தெளிய வேண்டும், ஸ்கூலில் 'தாத்தா' என்று பட்டப்பெயர் வாங்காமல் இருக்க வேண்டும். பையன் வளர வளர, செருப்பு மாதிரி செட்டையும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

இருக்கிற ஒன்றிரண்டு பல் ஊசி மாதிரி கூராக இருக்கும். அசிங்கம் என்று அவசரப்பட்டுப் பிடுங்கக்கூடாது. செட்டுக்குப் பிடிமானமே அதுதான். தாடை எலும்பு கரையாமல் காப்பதும் அதுதான். கூரை மறைத்து நல்ல பல் மாதிரி ஆக்கிவிடலாம்.

''ஒரேயடியாக இம்ப்ளான்ட் போட்டால் என்ன?'' பொதுவாக, தாடை வளர்ந்து முடியும்வரை காத்திருக்கச் சொல்கிறார்கள். நிஜப் பல் தாடையோடு சேர்ந்து நகரும். எலும்பில் முடுக்கிய டைட்டானியம் ஸ்க்ரூ நகராது, உள்ளே அமுங்கிப் போகும். ஆக, மூன்று வயசிலிருந்து பதினெட்டு சொச்சம் வரை அந்தச் செட்தான் கதி. அதை 'அழகு சமாச்சாரம்' என்பவர்கள் பல் இல்லாமல் ஒரு மசால் வடை தின்று காட்டட்டும்.

அக்கா பையனுக்கு ரெண்டு வயசாகியும் பல்லைக் காணோம், வெயிலில் வேர்க்காமல் உடம்பு சுடுகிறது என்றால், குழந்தை டாக்டர், பல் டாக்டர் இருவரிடமும் காட்டுங்கள். காதுகுத்துக்கு மடி கொடுக்கிற தாய்மாமன், பல் டாக்டர் நாற்காலியிலும் கொடுக்கலாம்.