தீர்மானம் மட்டும் போதாது

1977இல் தான்சானியாவின் தார் எஸ் சலாம் நகரில் லுத்தரன் உலக சம்மேளனத்தின் பேரவை கூடியது. தென்னாப்பிரிக்க நிறவெறியை எதிர்ப்பது அரசியல் கருத்து அல்ல, விசுவாசத்தைச் சேர்ந்த கடமை என்று அது அறிவித்தது. ஏழு ஆண்டுகள் கழித்து, 1984இல் புடாபெஸ்ட் பேரவை அந்த அறிவிப்புக்குப் பல் கொடுத்தது. அதன்படி நடக்காத இரண்டு வெள்ளையர் சபைகளின் உறுப்புரிமை நிறுத்தி வைக்கப்பட்டது.

தரங்கம்பாடி வழிவந்த தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையும் அதே சம்மேளனத்தின் உறுப்பு. எனவே அங்கே நிறத்துக்கு வைத்த அளவுகோலை இங்கே சாதிக்கும் வைக்கக் கேட்கிறோம்.

இது பழைய கணக்கு. 1733இல் ஆரோன் முதல் தமிழ்ப் போதகராக அபிஷேகம் பெற்றார். அதே தலைமுறையில் தஞ்சைப் பகுதியில் உழைத்தவர் உபதேசியார் ராஜநாயக்கன். பறையர் சமூகத்தவர். அவர் கையால் சாதிக் கிறிஸ்தவர்கள் நற்கருணை வாங்க மாட்டார்கள் என்று கருதி, மிஷனரிகள் அவருக்குக் குருப்பட்டம் தரவில்லை. அவருடைய மக்களை யாரும் கேட்கவில்லை.

அதனால்தான் சினாடு கூடும்போது மூன்று விதிகளை வற்புறுத்துகிறோம். ஒன்று, சேரிச் சபைகளுக்கும் பெண்களுக்கும் இளைஞர்களுக்கும் நிர்வாகக் குழுக்களில் உறுதியான இடம். இரண்டு, பள்ளி, விடுதி, நிலம் ஆகியவற்றின் வரவு செலவு ஆண்டுதோறும் தமிழில் அச்சாகி ஒவ்வொரு சபையிலும் வாசிக்கப்பட வேண்டும். மூன்று, கல்லறையிலோ ஆலயத்திலோ சாதி பார்த்தால் யாரிடம் புகார் செய்வது, எத்தனை நாளில் விசாரிப்பது, என்ன தண்டனை என்பது எழுத்தில் இருக்க வேண்டும்.

‘சபையில் சாதியைப் பேசினால் ஒற்றுமை கெடும்’ என்பார்கள். 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையால் தலித் கிறிஸ்தவர்களுக்குப் பட்டியல் சாதி உரிமை இல்லை. அதைக் கேட்டு டெல்லி வரை போகும்போது, ஞானஸ்நானம் பெற்ற பின்னும் சாதி விடவில்லை என்றுதானே வாதாடுகிறோம்? அரசிடம் ‘உண்டு’ என்பதைச் சபைக்குள் ‘இல்லை’ என்றால் எந்த வாதம் நிற்கும்?

உங்கள் சபைப் பிரதிநிதி சினாடுக்குப் புறப்படும் முன் இந்த மூன்றையும் எழுதிக் கையில் கொடுங்கள். திரும்பி வந்ததும் எதற்குக் கை தூக்கினார் என்று கேளுங்கள். மாணவர்களே, முதலில் கேட்பவர்கள் நீங்களாக இருங்கள்.