முதலில் எர்த்தைப் பாருங்கள்



பிரேக்கை மிதித்தால் டேஷ்போர்டு விளக்கு மங்கலாக எரிகிறது. இடது இண்டிகேட்டரைப் போட்டால் பின்பக்கத்துப் பார்க்கிங் விளக்கும் சேர்ந்து கண்சிமிட்டுகிறது. காலையில் ஒரே அடியில் கிளம்பிய வண்டி, மதிய வெயிலில் நிறுத்திவிட்டு வந்து சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு அடங்கிவிடுகிறது.

பழைய கார் வைத்திருக்கும் வாசகர்களிடமிருந்து வரும் கடிதங்களில் பெரும்பாலானவை இந்த ரகம்தான். இன்ஜினைப் பற்றி முறையிடுபவர்கள் குறைவு. மாருதி 800-ன் இன்ஜினைக் கைதேர்ந்த எந்த மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டிவிடுவார். வயரிங் என்று வந்துவிட்டால் அதே மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு, “எலெக்ட்ரீஷியனைப் பாருங்க சார்” என்று நகர்ந்துவிடுகிறார். கடிதங்கள் எல்லாம் முடிகிற இடமும் ஒன்றுதான்: இன்னும் செலவு செய்யலாமா, தள்ளிவிடலாமா?

வண்டியை வைத்துக்கொள்வதும் விற்பதும் உங்கள் வீட்டு முடிவு. அதில் நான் தலையிடவில்லை. வயரிங் கோளாறை மட்டுமே காரணமாக வைத்து விற்காதீர்கள் என்றுதான் சொல்வேன். அது பெரும்பாலும் வண்டியின் ஆயுள் முடிந்ததற்கான அடையாளம் அல்ல. யாரோ ஒரு திருகாணிக்கு அடியில் சுரண்டிப் பார்க்காததற்கான அடையாளம்.

மாருதி 800 விற்பனைக்கு வந்தது 1983 டிசம்பரில், உற்பத்தி நின்றது 2014 ஜனவரியில். அம்பாசடருக்கும் அதே 2014-தான் கடைசி ஆண்டு. ஆக, இந்த வண்டிகளில் மிக இளையதற்கே பத்து வயது தாண்டிவிட்டது. சொந்த உபயோகக் காருக்கு ஆர்.சி. 15 ஆண்டுக்கு. அதன்பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஆய்வாளர் ஒவ்வொரு விளக்காகப் போடச் சொல்லும்போதுதான், வீட்டில் யாரும் கவனிக்காமல் விட்ட ரிவர்ஸ் லைட்டும் நம்பர் பிளேட் விளக்கும் நினைவுக்கு வருகின்றன.

வீட்டு மின்சாரத்துக்கும் கார் மின்சாரத்துக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. வீட்டில் விளக்குக்குப் போகவும் வரவும் இரண்டு வயர். காரில் போவதற்கு மட்டுமே வயர். திரும்பி வருவது வண்டியின் இரும்பு உடம்பு வழியாக. இந்தத் திரும்பும் வழியைத்தான் எர்த் என்கிறோம். பேட்டரியின் நெகட்டிவ் முனை உடம்போடு பிணைக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு விளக்கின் எர்த் வயரும் பக்கத்தில் ஏதோ ஒரு தகட்டில் திருகாணி போட்டு இறுக்கப்பட்டிருக்கும். இருபது வருட மழை, கடற்கரை ஊர் என்றால் உப்புக் காற்று, போதாததற்கு ஒரு டிங்கரிங், ஒரு பெயின்டிங். பெயின்டர் பளபளப்பாக அடித்துத் தரும்போது அந்த எர்த் முனையின் மேலும் அடித்துவிடுவார். ‘பெயின்ட் அடிச்ச பிறகுதான் சார் லைட் கோளாறு’ என்று சொல்பவர்கள் மூடநம்பிக்கைக்காரர்கள் இல்லை.

எர்த் போனால் மின்சாரம் நின்றுவிடும் என்று நினைக்கிறோம். அது நிற்காது. வாய்க்கால் அடைத்துக்கொண்டால் தண்ணீர் பக்கத்து வயலில் புகுவதுபோல வேறு வழி தேடும். பின்விளக்கில் பிரேக்குக்கு 21 வாட், பார்க்கிங்குக்கு 5 வாட் என்று ஒரே பல்பில் இரண்டு இழைகள் இருக்கும். இரண்டுக்கும் எர்த் ஒன்றே. அந்த எர்த் துருப்பிடித்திருந்தால், பிரேக் இழைக்குள் வந்த மின்சாரம் வெளியேற வழியில்லாமல் பார்க்கிங் இழை வழியாகப் பின்னோக்கிப் பாய்ந்து, முன்பக்க விளக்குகளையும் டேஷ்போர்டையும் சுற்றிக்கொண்டு தரை சேர்கிறது. பிரேக் மிதித்தால் டேஷ்போர்டு எரிகிற மர்மம் இதுதான். இதற்கு ஒரு துண்டு உப்புத்தாளும் பத்து நிமிடமும் போதும். ஆனால் இதற்காகச் சுவிட்ச் மாற்றி, பல்பு மாற்றி, கடைசியில் வயரிங் கிட்டையே மாற்றிய குடும்பங்கள் உண்டு.

இதைவிட விசித்திரமானது இன்ஜின் எர்த். இன்ஜின் ரப்பர் மவுண்டிங் மேல் உட்கார்ந்திருப்பதால் உடம்போடு நேரடித் தொடர்பு கிடையாது. பின்னல் கம்பிப் பட்டை ஒன்றுதான் பாலம். செல்ஃப் மோட்டார் சுழலும்போது இழுப்பது நூறு ஆம்பியருக்கும் மேல். பட்டை அறுந்திருந்தால் அத்தனையும் கிளட்ச் கேபிள் வழியாகவோ ஆக்ஸிலரேட்டர் கேபிள் வழியாகவோ போகும். கிளட்ச் கேபிள் சூடாகிறது, உருகிப் புகைகிறது என்று யாராவது சொன்னால் கேபிளை மட்டும் மாற்றிக்கொண்டு வந்துவிடாதீர்கள். புதுக் கேபிளும் அதே கதிக்குத்தான் போகும்.

‘டக்’ சத்தத்துக்கும் இதே கணக்குத்தான். நூறு ஆம்பியர் ஓடும் பாதையில் ஒரு ஓமில் ஐம்பதில் ஒரு பங்கு தடை இருந்தால் போதும், இரண்டு வோல்ட் அங்கேயே தொலைந்துவிடும். பேட்டரி முனையில் பூத்திருக்கும் களிம்பே அந்தத் தடையைத் தரும். நம் ஊரில் உடனே பேட்டரியை மாற்றிவிடுகிறோம். புதுப் பேட்டரி பூட்டும்போது முனையைச் சுத்தம் செய்து இறுக்குவதால் சில வாரம் நன்றாக ஓடும். பேட்டரிதான் காரணம் என்ற தீர்ப்பும் உறுதியாகிவிடும்! அதற்கு முன் ஒரு மல்டிமீட்டர் வாங்குங்கள். சில நூறு ரூபாய்தான். இரவு முழுக்க நின்ற வண்டியில் பேட்டரி 12.6 வோல்ட் அளவில் இருந்தால் அதில் சார்ஜ் முழுதாக இருக்கிறது. இன்ஜின் ஓடும்போது 13.8-லிருந்து 14.4-க்குள் காட்டினால் ஆல்டர்னேட்டர் நலம்.

மீட்டர் வைத்திருப்பவர்களே ஏமாறும் இடம் ஒன்று உண்டு. பஸ்ஸர் வைத்துப் பார்ப்பார்கள், ‘பீப்’ என்று கத்தும், வயர் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிடுவார்கள். வயருக்குள் இருக்கும் செம்பு இழைகளில் ஒன்றே ஒன்று மிஞ்சியிருந்தாலும் பஸ்ஸர் கத்தும். அந்த ஓரிழையால் ஹெட்லைட்டைச் சுமக்க முடியாது. எனவே சுமையோடு அளக்க வேண்டும். ஹெட்லைட்டை எரியவிட்டு, மீட்டரை வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மறு முனையைப் பல்பின் எர்த்திலும் வையுங்கள். பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் குற்றவாளி அகப்பட்டான்.

இரவில் சாலை தெரியவில்லை என்று பலர் 100/90 வாட் பல்பு போடுகிறார்கள். இதில் எனக்குக் கொஞ்சமும் உடன்பாடில்லை. கம்பெனி வயரிங் 60/55 வாட் பல்புக்கானது. இரண்டு ஹெட்லைட்டும் சேர்ந்து பத்து ஆம்பியர். பெரிய பல்பு பதினாறுக்கு மேல் கேட்கும். பல பழைய கார்களில் இந்த மின்சாரம் முழுவதும் ஸ்டீயரிங் பக்கத்துச் சுவிட்ச் வழியாகவே போகிறது. சுவிட்ச் உருகும். இத்தனைக்கும் வெளிச்சம் குறைந்ததற்குப் பெரும்பாலும் பல்பு காரணமே இல்லை. பன்னிரண்டு வோல்ட் கிடைக்க வேண்டிய பல்புக்குப் பத்து வோல்ட் கிடைத்தால் வெளிச்சம் ஏறக்குறைய பாதியாகிவிடும். எர்த்தைச் சுத்தம் செய்து, பேட்டரியிலிருந்து ஃபியூஸோடு நேர் வயர் இழுத்து ஒரு ரிலே வைத்தால் பழைய பல்பே புதிதுபோல எரியும்.

பிரிட்டிஷ் கார்ப் பிரியர்களிடம் ஒரு பழைய கேலி உண்டு. அந்தக் கார்களுக்கு மின்பாகங்கள் தந்த லூகாஸ் நிறுவனத்தின் ஜோசப் லூகாஸுக்கு ‘இருட்டின் இளவரசர்’ என்று பட்டம். அவருடைய சுவிட்சுக்கு மூன்று நிலை: மங்கல், மினுக்கல், அணைப்பு. அந்தப் பெயர் 1961-இல் லூகாஸ் டிவிஎஸ் ஆகச் சென்னைப் பாடிக்கும் வந்தது. கேலியில் பாதி அநியாயம் என்பது என் எண்ணம். ஈர ஊரில் துருப்பிடித்த எர்த்துக்கு உற்பத்தியாளர் என்ன செய்வார்?

ஃபியூஸ் போனால் சிகரெட் பாக்கெட்டின் வெள்ளித்தாளைச் சுற்றிச் செருகுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஃபியூஸ் போவது ஒரு தகவல்: எங்கோ ஷார்ட் ஆகிறது. தகவல் சொன்னவனை வாயடைத்துவிட்டால் அடுத்துப் பேசப்போவது தீ. பிளேடு ஃபியூஸில் சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20 ஆம்பியர். எந்த நிறம் இருந்ததோ அதே நிறம் போடுங்கள். மியூசிக் சிஸ்டம், ஃபாக் லேம்ப், ரிவர்ஸ் ஹாரன் என்று கூடுதலாக மாட்டும்போது நடுவயரைச் சுரண்டி, முறுக்கி, டேப் சுற்றுவதும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. நம் வெயிலுக்கு பானெட்டுக்குள் டேப்பின் பசை இளகி வழிந்துவிடும். செம்பு வெறுமனே நிற்கும்.

வயரைக் கடிக்கும் எலியைப் பற்றித் தனியாக ஒரு இதழே போடலாம். புகையிலை, அந்துருண்டை எல்லாம் வாசகர்கள் சொல்லும் வைத்தியங்கள். அடிக்கடி வண்டியை எடுத்து ஓட்டுவதற்கு நிகராக அவற்றில் எதையும் என்னால் சொல்ல முடியவில்லை.

முழு வயரிங் கிட்டையும் மாற்றியே ஆக வேண்டிய வண்டிகளும் உண்டு. தீயில் கருகியவை, எலி பல இடத்தில் கடித்தவை, வெள்ளத்தில் மூழ்கியவை. 2015 டிசம்பரில் சென்னையில் மூழ்கிய கார்கள் நமக்குக் கற்றுத்தந்தது இது: காய்ந்ததும் ஓடும், சில மாதம் கழித்துக் கப்ளருக்குள் களிம்பேறி ஒவ்வொன்றாக நிற்கும். பழைய கார் வாங்கப் போகிறவர்கள் கார்ப்பெட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.

இத்தனையும் எழுதியது உங்களை எலெக்ட்ரீஷியன் ஆக்க அல்ல. “டைரக்ட் பண்ணிடலாம் சார்” என்று ஒருவர் புது வயர் ஒன்றை இழுத்துக் கோளாறை மறைக்க வரும்போது, “முதல்ல எர்த்தைப் பாருங்கண்ணே” என்று சொல்லத் தெரிந்தால் போதும். பொறுமையாகத் தேடிக் கண்டுபிடிப்பவருக்கு, உதிரிபாகம் எதையும் மாற்றாவிட்டாலும், அவர் செலவிட்ட நேரத்துக்குத் தாராளமாகக் கூலி கொடுங்கள். பொருளுக்குக் காசு கொடுப்போம், தேடியதற்குக் கொடுக்க மாட்டோம் என்ற நம் பழக்கமும் பொருளை மாற்றச் சொல்லித் தூண்டுகிறது.

உங்கள் வண்டியின் வயரிங் கதைகளை எழுதி அனுப்புங்கள். வண்டியின் பெயர், ஆண்டு, கோளாறு எப்போது வருகிறது (மழையிலா, சூட்டிலா, பள்ளத்தில் இறங்கும்போதா), கடைசியில் எங்கே அகப்பட்டது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பயனுள்ளவற்றை அடுத்தடுத்த இதழ்களில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்